கல்யாணப் படத்துக்கு ஒரு முகம்

ஓவியர் கொத்தனாருக்குத் தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது. இது கூலி மட்டும். சிமெண்டும் மணலும் ஓவியரே வாங்கிப் போட்டுவிட்டார். அதிலேயே அவர் கையில் இருந்ததெல்லாம் கரைந்துபோக, வேலை செய்தவனுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

வேலை என்னவோ ஒரே ஒரு சுவர்தான். ஓவியர் வாடகைக்கு இருந்தது ஒரு மாடிக் கூடத்தில். அதன் நீளச் சுவர் ஈரம் குடித்துப் பொரிந்து, தொட்டால் கையோடு வந்தது. கீழே குடியிருந்த ஓனரம்மா, "எனக்கு அந்தச் சுவர் அப்படியே இருந்தா போதும். உங்களுக்கு வேணும்னா உங்க செலவுல பூசிக்குங்க" என்று கையை விரித்துவிட்டாள். ஒரு பெரிய ஓட்டலுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலை வரப்போகிறது, பணம் கொட்டப்போகிறது என்ற தெம்பில் ஓவியரும் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் தன் சித்தாள் பல்லியோடு வந்தார். சாரத்தில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் வந்த பெயர் அது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் பல்லி பல்லியாகவே இருந்தான். இருவரும் பழைய காரையைச் செங்கல் தெரியுமட்டும் உதிர்த்தார்கள். புதுப் பூச்சு பிடிப்பதற்காக அந்தச் செங்கலையும் விடாமல் கொத்திவிட்டார்கள். பூசி, தண்ணீர் விட்டு, பட்டி பார்த்துத் தேய்த்து முடித்தபோது சுவர் எப்படி இருந்தது தெரியுமா? கன்னத்தை வைத்து இழுத்தாலும் உறுத்தாது. ஓவியர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கொத்தனாரே, இது சுவரா, பட்டுத்துணியா?" என்றார். கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த அந்த வேளையில் காசைக் கேட்காமல் வந்ததுதான் தப்பு.

ஓட்டல் வேலை வரவில்லை. ஓட்டல்காரன் எங்கேயோ அச்சடித்த படங்களை மொத்தமாக வாங்கி மாட்டிக்கொண்டான்.

அதற்கப்புறம் கொத்தனார் அந்த மாடிப்படியை ஏறி இறங்கிய கதையைச் சொன்னால் கேட்பவர்களுக்கும் கால் வலிக்கும். ஒரு நாள் ஓவியர் இல்லை. இன்னொரு நாள் இருந்தார், பணம் இல்லை. பிறகு ஒரு நாள் பணம் நாளைக்கு வருகிறது என்றார். அந்த நாளைக்கு, ஓவியரும் இல்லை. பல்லியின் கூலியைக் கொத்தனார் தன் கைக்காசில் கொடுத்துத் தீர்த்தார். கொடுத்த பிறகும் பல்லி விடவில்லை.

"என்ன மேஸ்திரி, நம்ம பட்டுத்துணிக்கு விலை வந்துச்சா?"

"வாயை மூடிக்கிட்டு கலவையைக் கிண்டு."

கடைசியில் ஒரு நாள் ஓவியர் நேருக்கு நேர் அகப்பட்டார். தாடியைச் சொறிந்தார். பிறகு, "பணமா இப்போ முடியாது. ஒண்ணு செய்யறேன். உங்களுக்கு ஒரு படம் வரைஞ்சு தரேன். என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க. வெளியில நான் வாங்கற விலைக்கு உங்க பாக்கியைப் போல மூணு மடங்கு ஆகும்" என்றார்.

"சார், படத்தைக் கரைச்சுக் குடிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொத்தனார் படி இறங்கினார். ஆனால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தப் பணத்துக்கு அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. மிதித்து மிதித்துக் கணுக்கால் வீங்கிப்போய், சாயங்காலமானால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வாள். மிஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிவிட்டால் போதும், பாதி வலி போய்விடும். அதனால் கொத்தனார் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தார்.

ஆகத்தான் செய்தது. "படமா? உங்க மூஞ்சியைப் பார்த்தா உலகத்துல இருக்கற எல்லாருக்கும் எப்படிங்க காதுல பூ சுத்தத் தோணுது?" என்று ஆரம்பித்தவள், நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கிவிட்டு, சட்டென்று நிறுத்தினாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

அங்கே அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தன்று எடுத்தது அது ஒன்றுதான். புகைப்படக்காரரின் சுருளில் மிச்சமிருந்த கடைசிப் படம். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அவர் பொத்தானை அமுக்கப்போன நேரத்தில், கொத்தனாரின் அண்ணன் யாரோ ஒரு சித்தி வரவில்லை என்று, "இரு இரு!" என்று கையை நீட்டிவிட்டார். அந்த உள்ளங்கை சரியாகப் பெண்ணின் முகத்துக்கு நேரே போய் நின்றுவிட்டது. ஐந்து விரலும் அழகாக விழுந்திருக்கின்றன. முகம் இல்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்பார்கள்: "இதுல நீ எங்கேம்மா?" அவள் சொல்வாள்: "கைக்குப் பின்னால." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வந்தவர்கள் போன பிறகு அந்தச் சிரிப்பு கொத்தனார் தலையில் விடியும். "பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த நாய்கூட பளிச்சுன்னு விழுந்திருக்கு. என் கல்யாணத்துல நான்தான் விழல. உங்க அண்ணன் கைக்கு இருக்கற யோகம் எனக்கு இல்ல."

இப்போது அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"ஏங்க, அந்தாள் உண்மையிலேயே நல்லா வரைவாரா?"

"வரைவார். அதுல குத்தம் சொல்ல முடியாது."

"அப்போ இதை வரையச் சொல்லுங்க. என் முகத்தோட."

"மோட்டாரு?"

"கால் என்னோடதுதானே. நான் பார்த்துக்கிறேன்."

இப்படித்தான் அந்தப் படத்துக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. கொத்தனார் வாழ்க்கையில் வீடு கட்டச் சொல்லி ஆர்டர் வாங்கியிருக்கிறாரே தவிர, யாருக்கும் ஆர்டர் கொடுத்ததில்லை. கொடுப்பது இவ்வளவு தலைவலி என்று அவருக்குத் தெரியாது.

இருவரும் எடுத்துப்போன படத்தை ஓவியர் தன் மாடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கையை என்ன செய்யறது?"

"மடக்கி வையுங்கண்ணே. இல்லேன்னா ஆளையே தூக்கிடுங்க" என்றாள் மனைவி.

"அண்ணனை எடுத்தா சண்டை வரும்" என்றார் கொத்தனார்.

"வரட்டுமே. இத்தனை வருஷம் நான் ஒருத்தியே போட்டுக்கிட்டிருக்கேன்."

ஓவியர் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துப் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். அவள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளைப்போல விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரைந்து முடித்ததும் கொத்தனார் எட்டிப் பார்த்தார். இப்போது இருக்கிற மனைவி அச்சு அசலாக அதில் இருந்தாள்.

"சார், இது சரிதான். ஆனா கல்யாணத்தப்போ இவ இப்படி இல்ல. ஒல்லியா இருப்பா."

"அது எனக்குத் தெரியாதா? வயசைக் குறைக்கத்தான் போறேன். எப்படி இருந்தாங்கன்னு நீங்க சொல்லுங்க. கன்னம் எப்படி? முகவாய்? சிரிச்சா எப்படி?"

மனைவி ஸ்டூலில் இருந்தபடியே கொத்தனார் பக்கம் திரும்பினாள். அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நல்லா இருந்தா" என்றார் கொத்தனார்.

"நல்லான்னா?"

"நல்லான்னா... நல்லாத்தான். லட்சணமா."

ஓவியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி இரண்டடி முன்னாலேயே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் திரும்பினாள்.

"எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு இன்னிக்கும் சொல்வீங்க. எந்தச் சுவர்ல எந்த மூலையில விரிசல் விட்டுச்சுன்னு சொல்வீங்க. என் மூஞ்சி மட்டும் 'நல்லா இருந்தா'. போதும் போங்க."

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. கண்ணை மூடி எவ்வளவு யோசித்தாலும், மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நூல் கடிக்கிற முகம்தான் வந்தது. அதற்கு முந்தைய முகத்தை இந்த முகம் வந்து பூசி மெழுகிவிட்டது. இதை அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அண்ணன் செய்ததைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

ஓவியர் தாமாக ஒன்று வரைந்து காட்டினார். சினிமாக்காரி மாதிரி இருந்தது. மனைவி, "இந்தப் பொண்ணை இவருக்குக் கட்டி வெச்சிருந்தா அன்னிக்கே ஓடிப்போயிருக்கும்" என்றாள். மறுபடி ஒன்று வரைந்தார். அது கொத்தனாரின் மச்சினி மாதிரி இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. கொத்தனார் கேட்கவும் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் கொத்தனாருக்கு ஒரு யோசனை வந்தது. வேலைக்காரனுக்கு வரும் யோசனை அவன் வேலையிலிருந்துதானே வரும்? சதை கூடும், குறையும். எலும்பு நகராது. அஸ்திவாரம் அதேதான், மேல்பூச்சுதான் மாறியிருக்கிறது. அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டால் ஓவியர் அதன்மேல் பூசிக்கொள்ளட்டும்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி பாயில் கண்ணயர்ந்திருந்தாள். கொத்தனார் மட்டம் பார்க்கிற நூலை எடுத்துவந்து பக்கத்தில் குந்தினார். நெற்றியின் அகலத்துக்கு ஒரு முடிச்சு. மூக்கின் நீளத்துக்கு ஒரு முடிச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, புருவத்திலிருந்து முகவாய்வரை நூலை இறக்கியபோது அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"அளவு எடுக்கறேன்."

"எதுக்கு அளவு? பொட்டி செய்யவா? நான் இன்னும் சாகலைய்யா!"

"படத்துக்கு. ஓவியருக்குக் கொடுக்க."

அவள் எழுந்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த முடிச்சு நூலைப் பார்த்தாள். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாத ஒரு முகம். "நான் என்ன ஜன்னலா, நூல் போட்டுப் பார்க்க? கண்ணால பார்க்க வேண்டிய காலத்துல பார்க்கல. இப்போ நூலைக் கொண்டு வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஓவியரும் அந்த நூலை மதிக்கவில்லை. "கொத்தனாரே, இதை வெச்சு நான் என்ன செய்ய? கதவு நிலையா அடிக்கப்போறேன்?" என்று தூரிகை டப்பாவுக்குப் பின்னால் எறிந்தார். "இப்படிப் பக்கத்துல நின்னு நச்சரிச்சா எனக்கு வேலை ஓடாது. நானா கூப்பிடறவரைக்கும் ரெண்டு பேரும் வராதீங்க."

கூப்பிடவில்லை. மாதங்கள் ஓடின. மழை வந்தது, வேலை நின்றது. மழை விட்டது, வேலை வந்தது. ஓவியரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கொத்தனார் தெருமுனையில் நின்று மாடி ஜன்னலைப் பார்ப்பார். வெளிச்சம் தெரியும். மேலே ஏறப் பிடிக்காமல் திரும்பிவிடுவார். படமும் இல்லை, பணமும் இல்லை. மனைவிக்குக் கால்வலி மட்டும் குறையாமல் இருந்தது. "மகாராணி படம் வந்துச்சா மேஸ்திரி?" என்று பல்லி கேட்கும்போதெல்லாம், கரண்டியில் இருந்த கலவை சுவருக்குப் பதிலாக அவன் மேல் போய் விழாதா என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓவியர் போன் செய்தார். "முடிஞ்சுது. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மனைவி நல்ல புடவை கட்டினாள். படத்தைச் சுற்றிக்கொண்டு வர ஒரு பழைய போர்வையும் மடித்து எடுத்துக்கொண்டாள். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். கொத்தனார் பின்னால் பொறுமையாக வந்தார்.

ஓவியர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். கூடத்தில் சாமான்கள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டிருந்தன. நடுவில் பலகை எதுவும் இல்லை, சட்டம் எதுவும் இல்லை.

"எங்கே சார் படம்?" என்றார் கொத்தனார்.

ஓவியர் முகவாயால் காட்டினார்.

படம் சுவரில் இருந்தது. சுவரில் மாட்டியிருக்கவில்லை; சுவரிலேயே இருந்தது. கொத்தனார் பூசிய, பட்டுத்துணி என்று பெயர் வாங்கிய அந்தச் சுவரில், தரையிலிருந்து தலைக்கு மேலே வரைக்கும் அவருடைய கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. பெஞ்சு இருந்தது. பெஞ்சுக்குக் கீழே நாய் இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி நின்றார். நடுவில் இளவயதுக் கொத்தனார், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு விழித்தார். அவர் பக்கத்தில் அவள்.

முகம் முழுசாக இருந்தது. சினிமாக்காரி இல்லை, மச்சினி இல்லை. பத்தொன்பது வயதுப் பெண், எதன்மேலோ லேசான கோபத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கொத்தனார்தான் முதலில் பேசினார். "சார், இதை நான் எப்படி எடுத்துட்டுப் போறது?"

"கான்வாஸ் வாங்கக் காசில்லை, கொத்தனாரே. அட்டையில போட்டுப் பார்த்தேன், வரல. ஒரு நாள் சும்மா இந்தச் சுவர்ல கரியால ஒரு கோடு இழுத்தேன். தங்கச்சி அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்த கோபம் அப்படியே வந்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் என் கையை எடுக்க முடியல. உங்க சுவர் அப்படி."

"சுவரைப் புகழாதீங்க சார்! போன தடவை புகழ்ந்தப்போதான் பணம் போச்சு!"

"போட்டோ எடுத்துக்கலாம். பெருசா பிரிண்ட் போட்டு..." ஓவியர் தன் போனை எடுத்து ஒன்று எடுத்தும் காட்டினார். டியூப்லைட் வெளிச்சம் வழவழப்பான சுவரில் பட்டு, சரியாகப் பெண்ணின் முகத்தில் வெள்ளையாக அப்பியிருந்தது. மனைவி அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இங்கேயும் மறைஞ்சாச்சு" என்றாள். "மோட்டாரை விட்டுக்கொடுத்தது ஒரு பிரிண்டுக்காண்ணே?"

கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பையில் எப்போதும் கிடக்கும் உளியையும் சுத்தியையும் எடுத்தார். படத்தின் ஓரத்தில், ஆள் இல்லாத இடத்தில், பூச்சைப் பாளமாகப் பெயர்த்துப் பார்க்கலாம் என்று உளியை வைத்து மெதுவாகத் தட்டினார். பெயரவில்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டினார். காசு அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. அவ்வளவுதான். வேறு எவனாவது அரைகுறையாகப் பூசியிருந்தால் மொத்தமும் அப்பளம் மாதிரி கழன்று வந்திருக்கும். செங்கலை அங்குலம் விடாமல் கொத்திவிட்டுப் பூசியவர் இவரே. ஒழுங்காக வேலை செய்ததற்காக அவருக்குத் தன்மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது அதுதான் முதல் தடவை.

சுத்திச் சத்தம் கேட்டு ஓனரம்மா மூச்சு வாங்க மேலே வந்தாள். சுவரைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப் பாவமே! மாசக்கடைசியில காலி பண்ணச் சொன்னா, போற போக்குல சுவரையும் நாசம் பண்ணிட்டீங்களா?"

"நாசமில்லம்மா, படம்" என்றார் ஓவியர்.

"வாடகை பாக்கியை அட்வான்சுல கழிச்சு மிச்சம் ஒண்ணுமில்ல. இதை யார் அழிக்கறது? புதுசா வர்றவங்க வெள்ளைச் சுவர்தான் வேணும்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில வெள்ளையடிக்க ஆள் வருது" என்றவள், கொத்தனார் கையில் உளியைப் பார்த்ததும் குரலை மாற்றினாள். "நீதானேப்பா இதைப் பூசினது? நீயே அடிச்சுக் கொடுக்கறியா? கூலி கையோட தரேன்."

"என் பொண்டாட்டி மேல நான் வெள்ளையடிக்க மாட்டேம்மா. வேற ஆளைப் பாருங்க."

ஓனரம்மா சுவரைப் பார்த்தாள். அருகில் நிற்பவளைப் பார்த்தாள். படி இறங்கிப் போனாள்.

கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டார். ஆக, நாளைக் காலையோடு படமும் இல்லை. பணமும் வரப்போவதில்லை; அதுவும் தெரிந்துவிட்டது. ஒரு சுவரைப் பூசி, அதன்மேல் ஒரு படத்தை வாங்கி, அதையும் பூசப்போகிறார்கள். ஓவியரின் கழுத்தைப் பிடிக்கலாமா என்று பார்த்தால், அந்த மனிதர் மூட்டை முடிச்சுக்கு நடுவில் வாடி நின்றார். அவரைப் பிடித்து உலுக்கினாலும் உதிர என்ன இருக்கிறது?

மனைவி இது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. படத்தில் இருந்தவளையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க. இது நான்தானா? இப்படியா இருந்தேன்?"

மறுபடியும் அதே கேள்வி. கொத்தனாருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருக்கிற எரிச்சலில் படத்தை முறைத்தார். எங்கேயாவது ஒரு குற்றம் கண்டுபிடித்து ஓவியர் தலையில் போடவேண்டும் என்றுதான் பார்த்தார். தன் பக்கம் நின்ற இளவயது மனைவியின் நெற்றி, கன்னம், காது. காதிலேயே கண் நின்றது.

"காது தப்பு" என்றார்.

"என்ன தப்பு?" ஓவியர் சலித்துக்கொண்டார்.

"கம்மல் போட்டிருக்கீங்க. என் பக்கம் இருந்த காதுல கம்மல் கிடையாது. போட்டோவுக்கு வரிசையா நின்னப்போ இவ காது வெறுங்காதா இருந்துச்சு. மடல் செவசெவன்னு இருந்துச்சு. இரவல் கம்மல், வெயிட்டு தாங்காம எங்கேயோ கழண்டு விழுந்திருக்கும். முடியை இழுத்து இழுத்து அதும்மேல விட்டுக்கிட்டே நின்னா. விட விட அது விலகிக்கிட்டே இருந்துச்சு. காதுக்குப் பின்னால ஒரு மச்சம், கடுகு அளவுக்கு."

சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இது இத்தனை நாள் எங்கே கிடந்தது? பிறகு புரிந்தது. அன்றைக்கு அவர் அவள் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்றார். இத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால் திரும்பிப் பார்க்கக் கூச்சம். கழுத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணில் எவ்வளவு விழுமோ அவ்வளவுதான் பார்த்தார். அது ஒரு காது. முகம் எப்படி என்று எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டால்தான் என்ன, பார்க்காத முகத்துக்கு அவர் எங்கே போவார்?

மனைவி மெல்லத் திரும்பினாள். "அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன். அம்மாகிட்டகூட ராத்திரிதான் சொன்னேன்."

"பக்கத்துல நின்னவன் நான்தானே."

"அப்புறம் ஏன்யா 'நல்லா இருந்தா, நல்லா இருந்தா'ன்னு உயிரை எடுத்தே?"

"மூஞ்சியைக் கேட்டா நான் என்ன சொல்ல? காதைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பினாலா என்று கொத்தனாருக்குத் தெரியவில்லை. அவர் எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. ஓவியர் பக்கம் திரும்பினார்.

"சார், கம்மலை எடுங்க."

"கொத்தனாரே, நாளைக்குக் காலையில வெள்ளையடிக்கப் போற சுவர் இது!"

"அது அவங்க பாடு. காலையில அவங்க அழிக்கட்டும். விடியற வரைக்கும் இது என் படம். வேலைன்னு எடுத்தா ஒழுங்கா முடிச்சுக் கொடுக்கணும். இந்தச் சுவரை நான் அரைகுறையா விட்டுட்டா போனேன்?"

ஓவியர் குனிந்து, கட்டியிருந்த மூட்டை ஒன்றின் முடிச்சை அவிழ்த்தார். தூரிகைகளும் வண்ணக் குழாய்களும் வெளியே வந்தன. ஒரு தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கிக் கலந்தார். ஸ்டூலில் ஏறி நின்று கம்மலை மூடினார். மடலில் சிவப்பேற்றினார். "இவ்வளவு போதுமா?" "இன்னும் கொஞ்சம் கீழே சார், நுனியில." முடியில் நாலு இழையை இழுத்து விட்டார். கொத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சித்தாளை வேலை வாங்குவதுபோல, "மச்சம்?" என்றார். ஓவியர் தூரிகையின் நுனியால் ஒரு புள்ளி வைத்தார்.

மனைவி கிட்டே போனாள். ஈரம் காயாத அந்தக் காதைத் தொடாமல், விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"லைட் அடிக்காம பக்கவாட்டுல நின்னு இன்னொரு போட்டோ எடுத்து வைக்கட்டுமா?" என்றார் ஓவியர், ஸ்டூலைவிட்டு இறங்கி.

"எடுத்து வைங்கண்ணே. எப்பவாவது கேட்டு வாங்கிக்கிறேன்" என்றாள் அவள், பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து வைப்பதுபோல. போர்வையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். "பாக்கியைப் பத்தி மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அது தீர்ந்துபோச்சு."

"இந்தா, யாரைக் கேட்டு..." என்று கொத்தனார் ஆரம்பித்தார்.

"உங்களைத்தான். சொல்லுங்க. வேலை முடிஞ்சுதா, இல்லையா?"

கொத்தனார் சுவரைப் பார்த்தார். பூச்சில் குற்றம் இல்லை. படத்திலும் இப்போது குற்றம் இல்லை. அவளுடைய காலைப் பார்த்தார். இந்த நேரத்துக்கு அது வீங்கியிருக்கும், நின்றுகொண்டே இருக்கிறாள். மோட்டாருக்கு இனி வேறு வழிதான் தேடவேண்டும். பதினெட்டாயிரத்து நானூற்றைம்பதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வயிறு எரியத்தான் செய்தது.

"முடிஞ்சுது சார்" என்றார். "கணக்கு நேர்."